ஒரே தட்டில் எத்தியோப்பியா

என் வீட்டுக்காரர் உயிரோடு இருந்தவரை ஒரே நாளில் இரண்டு தடவை அவருக்குக் கோழிக்கறி கிடைத்ததில்லை. போய்ச் சேர்ந்த பிறகுதான் அந்த யோகம் வந்தது. அவருடைய நினைவு நாளில் பெரியவன் கிள்ளானிலிருந்து நடுப்பகலில் வருவான். அவனோடு ஒரு படையல் போடுவோம். அவன் சாப்பிட்டுக் கிளம்பி, நான் மேசையைத் துடைத்து முடித்ததும் சின்னவன் காஜாங்கிலிருந்து வருவான். அவனோடு இன்னொரு படையல். சுவரில் தொங்குகிற படத்திலிருந்து அவர் இரண்டு படையலையும் ஒரே முகத்தோடு பார்ப்பார். பசியில்லாத ஆளைக் கூப்பிட்டு மறுபடியும் உட்கார வைத்த மாதிரி எனக்குச் சங்கடமாக இருக்கும்.

அண்ணன் தம்பி பேச்சு நின்றது கோயில் மண்டபத்தால். பெரியவன் நிர்வாகத்தில் இருந்தான். மண்டபத்துக்கு ஏர்கோன் போட வேண்டும் என்றான். சாமி கும்பிட வருகிறவனுக்கு எதற்கு ஏர்கோன், காத்தாடி போதும் என்று சின்னவன் பொதுக்கூட்டத்தில் எழுந்து பேசினான். பேசியதோடு விட்டிருந்தால் பரவாயில்லை. ஓட்டெடுப்பில் அண்ணனுக்கு எதிராகக் கையைத் தூக்கிவிட்டான். தூக்கிய கை இன்னும் இறங்கவில்லை என்றுதான் சொல்ல வேண்டும். மண்டபத்தில் இன்றுவரை ஏர்கோனும் வரவில்லை, காத்தாடியும் வரவில்லை. கல்யாணத்துக்கு வருகிறவர்கள் பத்திரிகையை மடித்து விசிறிக்கொள்கிறார்கள்.

குடும்ப வாட்ஸ்அப்பில் மட்டும் இரண்டு பேரும் இருக்கிறார்கள். பெரியவன் காலையில் ஒரு ரோஜாப்பூ போட்டு வணக்கம் சொல்வான். கொஞ்ச நேரத்தில் சின்னவன் ஒரு தாமரைக் குளத்தையே போடுவான்.

ஒரு தடவை சமைத்து ஒரு தடவை பாத்திரம் கழுவினால் போதும் என்று நான் எல்லோரிடமும் சொல்லிக்கொண்டிருந்தேன். அது வெளியே சொல்வதற்கு. மனசுக்குள் இருந்தது வேறு. என் இரண்டு பிள்ளைகளும் பக்கத்துப் பக்கத்தில் உட்கார்ந்து சாப்பிடுவதை நான் பார்க்க வேண்டும். இதை அவர்களிடம் கேட்க எனக்கு வாய் வராது. நான்கு பேர் கூடிவிட்டால் அடுப்படிக் கதவுக்குப் பின்னால் போய் நிற்கிறவள் நான். ஆறாம் வகுப்பு வரை படித்தபோதும் பதில் தெரிந்தும் கை தூக்காமலே படித்தேன். எழுதும்போது யாரும் என் முகத்தைப் பார்ப்பதில்லை, அதனால் இதையெல்லாம் சொல்ல முடிகிறது.

பிரிக்பீல்ட்ஸ் ஃபிளாட்டில் என்னோடு இருப்பது மகள். இரண்டு அண்ணன்களுக்கும் இளையவள், சுபாங் ஜெயாவில் ஒரு கல்லூரி ஆபீஸில் வேலை. அவளுக்கு ஒரு வியாதி உண்டு. மாதத்துக்கு ஒரு நாட்டைப் பிடித்து என் அடுப்பில் ஏற்றுவாள். ஜப்பான்காரன் சோறு என்று ஒரு நாள் பாயில் சுருட்டிக் கொடுத்தாள். தொட்டுக்கொள்ள மாங்காய் ஊறுகாய் இருந்ததால் பிழைத்தோம். இத்தாலி மக்ரோனிக்கு நான் கொஞ்சம் கறிவேப்பிலை தாளித்துவிட்டேன் என்று இரண்டு நாள் முகத்தைத் தூக்கி வைத்திருந்தாள்.

அவளுடைய ஆபீஸில் எத்தியோப்பியாவிலிருந்து ஒரு பெண் வந்து சேர்ந்தாள். அது எந்தப் பக்கம் இருக்கிறது என்று கேட்க எனக்கு வெட்கமாக இருந்தது. ஆப்பிரிக்கா என்று பிறகு தெரிந்துகொண்டேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை மகள் அந்தப் பெண்ணின் வீட்டில் சாப்பிட்டுவிட்டு வந்து, செருப்பைக்கூடக் கழற்றாமல் சொன்னாள்.

"அம்மா, அங்கெல்லாம் ஆளுக்கொரு தட்டு கிடையாதும்மா. பெரிய தோசை மாதிரி ஒண்ணு விரிச்சு, மேலயே கொழம்பெல்லாம் ஊத்தி, எல்லாரும் ஒரே தட்டுல சுத்தி உட்காந்து சாப்பிடுறாங்க. பேசாதவன்கூடப் பேசித்தான் ஆவணும்."

நான் அவள் முகத்தைப் பார்த்தேன். அவள் சுவரில் இருந்த அப்பா படத்தைப் பார்த்தாள். அடுத்து எந்த நாடு ஏறப்போகிறது, எந்த நாளில் ஏறப்போகிறது என்று எனக்குப் புரிந்துவிட்டது.

அண்ணன்களை வரவழைக்கிற பொறுப்பை அவளே எடுத்துக்கொண்டாள். ஸ்பீக்கரில் போட்டுப் பேசினாள், நான் பக்கத்தில் வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தேன்.

"பெரியண்ணே, இந்த வருஷம் ஒரே படையல்தான், ஒரு மணிக்கு. சின்னண்ணன் வரேன்னு சொல்லிட்டாரு. உங்களுக்கு முடியலன்னா பரவால்ல லா, சூடத்த அவரே காட்டிடுவாரு."

"மூத்தவன் நான் உயிரோட இருக்கேன். பன்னெண்டரைக்கே வரேன்" என்றான்.

சின்னவனுக்கு வேறு மருந்து. "சின்னண்ணே, பெரியண்ணன் பன்னெண்டரைக்கே வராராம். நீங்க ஜிம்முக்குப் போவீங்க, அப்பா நெனப்பெல்லாம் உங்களுக்கு இருக்காதுன்னு யாரோ சொன்னாங்க. யாருன்னு நான் சொல்ல மாட்டேன்."

"பன்னெண்டுக்கு வரேன்னு சொல்லு."

அந்த ஊர் மாவு இங்கே கிடைக்காதாம். கேழ்வரகு போட்டால் நிறமாவது ஒத்துவரும் என்று அந்தப் பெண் சொன்னாளாம். மளிகைக் கடையில் நான் நிறைய கேழ்வரகு மாவு கேட்டதும் கடைக்காரம்மா, "எந்தக் கோயில்ல அக்கா கூழ் ஊத்துறீங்க?" என்று கேட்டாள். எத்தியோப்பியாவுக்கு என்று சொல்ல முடியுமா? சிரித்துவிட்டு வந்தேன். மாவைக் கரைத்துச் சில நாள் புளிக்க விட வேண்டும் என்றார்கள். எங்கள் வெயிலுக்கு அது மறுநாளே மூடியைத் தூக்கிக்கொண்டு வெளியே வந்து எங்களைத் தேடியது. மசாலாத் தூளை அந்தப் பெண்ணே ஒரு பையில் கொடுத்தனுப்பியிருந்தாள். அவளுடைய அம்மா அரைத்ததாம். முகர்ந்து பார்த்தேன். நம்ம மிளகாய்த் தூள் பட்டணத்தில் படித்துவிட்டு வந்த மாதிரி இருந்தது.

நினைவு நாளன்று காலையிலேயே பெரிய மருமகள் கிள்ளானிலிருந்து வந்துவிட்டாள். உதவி செய்ய வந்ததாகச் சொன்னாள். ஆப்பிரிக்கச் சாப்பாட்டில் மாமனாருக்கு ஏதாவது கெடுதல் நடந்துவிடாமல் பார்க்கப் பெரியவன் அனுப்பியிருப்பான் என்று நான் நினைத்துக்கொண்டேன். சின்னவன் மனைவி பிள்ளைகளோடு அம்மா வீட்டுக்குப் போயிருந்ததால் அவள் தப்பித்தாள்.

மகள் கல்லில் மாவை ஊற்றி மூடினாள். திருப்பக் கூடாதாம். மூடியைத் திறந்ததும் மேலெல்லாம் கண் கண்ணாக இருந்தது. மருமகள் எட்டிப் பார்த்தாள்.

"இது நம்ம கேப்பைத் தோசைதானே அத்தை? இதுக்கு எதுக்கு ஏரோப்ளேன் ஏறணும்?"

"அண்ணி, இது இஞ்சிரா."

"இஞ்சியே போடலியே."

"போடக் கூடாது."

"அப்ப என்னா பேருடி அது?"

இந்தப் பக்கம் கோழிக் குழம்பு. வெங்காயத்தை எண்ணெயே விடாமல் வதக்க வேண்டும் என்றாள் மகள். இத்தனை வருஷத்தில் நான் பார்க்காத வேலை. ஆனால் வெங்காயம் அதன் தண்ணீரிலேயே வெந்து, சுண்டி, சிவந்து, பிறகு மசாலாவும் நெய்யும் விழுந்ததும் ஒரு வாசனை வந்தது பாருங்கள், மருமகளே சட்டி மேல் குனிந்து முகர்ந்தாள். கோழியும் அவித்த முட்டையும் அதில் போட்டோம். மைசூர்ப் பருப்பு ஒரு குழம்பு, கடலை மாவு ஒரு குழம்பு, முட்டைக்கோஸ் ஒரு பொரியல்.

அப்போது அந்தப் பெண் வீடியோவில் வந்தாள். சுருட்டை முடி, அழகான பெண். "ஹலோ ஆன்டி" என்றதும் நான் சட்டியின் பின்னால் ஒதுங்கினேன். அவளும் மகளும் இங்கிலீஷில் பேசினார்கள். எனக்குக் கொஞ்சம் புரிந்தது, மிச்சத்தை மகள் பிறகு சொன்னாள்.

உப்புக் காரம் பார்த்தாயா என்று அவள் கேட்டாள். பார்க்கக் கூடாது, முதலில் அப்பா சாப்பிட வேண்டும் என்றாள் மகள். அப்பாவைக் கூப்பிடேன் என்றாள் அவள். அப்பா இறந்துவிட்டார் என்றாள் மகள். அந்தப் பெண் கொஞ்ச நேரம் எங்களை மாறி மாறிப் பார்த்தாள். பிறகு மெதுவாக, அப்படியென்றால் உப்பு சரியா என்று அவரிடமே கேட்டுவிடுங்கள் என்று சொல்லிவிட்டுப் போனாள்.

அவளைச் சொல்லிக் குற்றமில்லை. படையலுக்கு வைப்பதை யாரும் நாக்கில் படவிடக் கூடாது, அது எச்சில். நான் என் மாமியார் வீட்டுக்கு வந்த நாளிலிருந்து நாக்கைக் கேட்டுப் படையல் சமைத்ததில்லை, மூக்கைக் கேட்டுத்தான். சாம்பார் கொதிக்கிற வாசனையிலேயே உப்பு குறைவா கூடுதலா என்று சொல்லிவிடுவேன். ஆனால் என் மூக்கு எத்தியோப்பியா போனதில்லையே. அதை என்ன கேட்டாலும் தெரியாது என்று நின்றது.

பெரியவன் பன்னிரண்டு மணிக்கு முன்னாலேயே வந்தான். சின்னவன் அதற்கும் முன்னால் வந்து, கீழே காரிலேயே உட்கார்ந்து, அண்ணன் ஏறிய லிஃப்டில் ஏறாமல் அடுத்த லிஃப்டில் வந்தான். சோபாவின் இந்தக் கடைசியில் ஒருவன், அந்தக் கடைசியில் ஒருவன். நடுவில் ஒரு யானையை உட்கார வைக்கலாம்.

சீர் வரிசைக்கு வைக்கிற பெரிய தாம்பாளத்தில் இஞ்சிராவை விரித்து, குழம்புகளை வட்டமாக ஊற்றி, நடுவில் கோழியையும் முட்டையையும் வைத்து மகள் தூக்கிக்கொண்டு வந்தாள்.

"இலை எங்க?" என்றான் பெரியவன். கோயில் மேடைகளில் பண்பாடு பற்றிப் பேசுகிறவன் அவன். "இலை இல்லாம ஒரு படையலா?"

சின்னவன் தங்கையிடம் திரும்பினான். "உங்க பெரியண்ணன்கிட்ட சொல்லு, எத்தியோப்பியால வாழை இலை போடுறதில்லன்னு."

"உங்க சின்னண்ணன்கிட்ட சொல்லு, எங்கப்பா எத்தியோப்பியாக்காரர் இல்லன்னு."

"எங்கப்பாவா? எனக்கு யாராம்?"

கடைசியில் தாம்பாளத்துக்கு அடியில் இலையைப் போட்டோம். நுனி எந்தப் பக்கம் என்று அடுத்த சண்டை தொடங்கும் முன் நான் சூடத்தை ஏற்றிப் பெரியவன் கையில் கொடுத்துவிட்டேன். மூத்தவன் காட்டினான், இளையவன் கும்பிட்டான். படையலைச் சுற்றிச் சொம்புத் தண்ணீர் விட்டு, கொஞ்ச நேரம் கதவைச் சாத்திவிட்டு வெளியே நின்றோம். அவர் சாப்பிடட்டும் என்று. உள்ளே அவர் என்ன பாடு பட்டாரோ.

பிறகு பாயை விரித்துத் தாம்பாளத்தை நடுவில் வைத்தாள் மகள். ஒரு பக்கம் அவள். மற்ற இரண்டு பக்கத்திலும் அண்ணன்கள்.

"ஒரே தட்டுலயா?" என்றான் பெரியவன். "எச்சில் இல்லையா?"

"சின்னப் புள்ளைல ஒரு ஐஸ்கிரீம ரெண்டு பேரும் மாத்தி மாத்தி நக்குனத நான் பாத்திருக்கேன்" என்றாள் மகள். பெரியவன் உட்கார்ந்தான்.

அவர்கள் சாப்பிட்ட அழகை நான் கதவோரம் நின்று பார்த்தேன். சின்னவன் இஞ்சிராவில் விரலால் ஒரு கோடு கிழித்தான். இந்தப் பக்கம் எனக்கு, அந்தப் பக்கம் அவருக்கு என்று. பெரியவன் அந்தக் கோட்டை ஒட்டியே பிய்த்தான். முதல் வாய் வைத்ததும் அவன் கண் ஒரு தடவை மேலே போய்க் கீழே வந்தது.

"எப்படிண்ணே?" என்றாள் மகள்.

பெரியவன் தம்பியை ஓரக்கண்ணால் பார்த்தான். "ரொம்ப நல்லா இருக்கு. அம்மா கை வச்சா கேக்கணுமா."

இப்போது சின்னவன் விடுவானா? அவனும் ஒரு வாய் வைத்தான். கழுத்தில் ஒரு நரம்பு அசைந்தது. "எக்ஸலண்ட் லா. ஓட்டல்லகூட இப்படிக் கெடைக்காது." கார்ப்ஸ் ஆகாது, சோறே தொட மாட்டேன் என்கிற பிள்ளை இரண்டாவது இஞ்சிரா கேட்டான். உடனே பெரியவன் மூன்றாவது முட்டையை எடுத்தான். தண்ணீர்ச் சொம்பு ஒன்றுதான். அவன் குடித்து வைத்தால் இவன் எடுக்கிறான், இவன் வைத்தால் அவன் எடுக்கிறான். காரம் போலிருக்கிறது என்று நினைத்தேன். மகள் மட்டும் ஒரு வாய் வைத்ததும் போன் வந்த மாதிரி எழுந்து போனவள், கொஞ்சம் கழித்து வாயைத் துடைத்துக்கொண்டு வந்து உட்கார்ந்து, கையைத் தட்டிலேயே வைத்துக்கொண்டிருந்தாள். இரண்டு பேரும் ஒரே தட்டில் போட்டி போட்டுச் சாப்பிடுவதைப் பார்த்து எனக்குக் கண் கலங்கிவிட்டது. எத்தியோப்பியாக்காரி நல்லா இருக்கணும் என்று வேண்டிக்கொண்டேன்.

மகள் திட்டத்தின் கடைசிப் பாகத்துக்கு வந்தாள். "அந்த ஊர்ல ஒருத்தர் மேல பிரியம் இருந்தா கையால ஒரு வாய் சுருட்டி அவங்க வாயில ஊட்டணும். ஊட்டலன்னா மரியாதை இல்ல. எங்க, ரெண்டு பேரும்?"

பெரியவன் ஜன்னலைப் பார்த்தான். சின்னவன் சட்டைப் பையில் இல்லாத போனைத் தேடினான்.

"பெரியவங்களுக்குத்தான் மொதல் மரியாதை" என்று பெரியவன் ஒரு வழி கண்டுபிடித்தான். "அம்மா, இங்க வாங்க."

நான் மறைவதற்குள் மருமகள் பின்னாலிருந்து என்னைத் தள்ளிவிட்டாள். பெரியவன் ஒரு வாய் சுருட்டி நீட்டினான். அதே நேரத்தில் சின்னவனும் நீட்டினான். என் முகத்துக்கு முன்னால் இரண்டு கை. இரண்டிலிருந்தும் குழம்பு சொட்டுகிறது. பெரியவன் கையில் முதலில் வாங்கினால் சின்னவன் இன்னும் பத்து வருஷத்துக்கு வர மாட்டான். சின்னவன் கையில் வாங்கினால் பெரியவன் இப்போதே எழுந்துவிடுவான். பொதுக்கூட்டத்தில் எல்லோரும் என் கையைப் பார்க்கிற மாதிரி இருந்தது. எனக்கு வேர்த்தது.

என்ன செய்தேன் என்றால், இரண்டு கையையும் பிடித்து, இரண்டு வாயையும் ஒன்றாகச் சேர்த்து என் வாய்க்குள் தள்ளிக்கொண்டேன். கன்னம் இரண்டும் புடைத்துவிட்டது. மருமகள் சிரித்தாள்.

பிறகுதான் உப்பு வந்தது. போர்ட் கிள்ளான் கடலையே வாய்க்குள் ஊற்றிய மாதிரி. துப்பவும் முடியாது, அது அவருக்குப் படைத்தது. மெல்லவும் முடியாது. கண்ணீர் வழிய வழிய விழுங்கினேன். வெட்கமெல்லாம் எங்கே போனதென்று தெரியவில்லை, வாழ்க்கையில் முதல் தடவையாகப் பிள்ளைகளைப் பார்த்துக் கத்தினேன்.

"அடப் பாவிகளா, இவ்வளவு உப்பையாடா தின்னீங்க? வாயத் தொறந்து சொல்ல வேண்டியதுதானே?"

"நீங்க கஷ்டப்பட்டு செஞ்சீங்களேம்மா" என்றான் பெரியவன். பிறகு தம்பி பக்கம் திரும்பினான். "இவன் பாட்டுக்கு எக்ஸலண்ட்னு சொல்லிக்கிட்டு முழுங்குறான். நான் எப்படிடா சொல்றது?"

"மொதல்ல நல்லா இருக்குன்னு சொன்னது யாரு?" என்றான் சின்னவன். "நீங்க நிறுத்துனா நான் நிறுத்தலாம்னு பாத்தேன்ணே. நீங்க மூணாவது முட்டைக்குப் போறீங்க!"

"நீ ரெண்டாவது தோசை கேட்டியே, அறிவிருக்கா?"

"நாக்கு செத்துப் போச்சுண்ணே. அதுக்கப்புறம் தோசையும் ஒண்ணுதான், துணியும் ஒண்ணுதான்."

நடுவில் மகள் இருந்தாள். அவளிடம் யாரும் எதையும் சொல்லச் சொல்லவில்லை.

அடுப்படியில் விசாரணை நடந்தது. எனக்கு இந்தக் குழம்பின் மேல் நம்பிக்கை இல்லாததால், மற்ற இரண்டு பேரும் உப்புப் போட மறந்திருப்பார்கள் என்று பயந்து என் கை அளவுக்குப் போட்டேன். அம்மாவுக்கு இந்த ஊர்ச் சாப்பாடு தெரியாது, உப்பே போட்டிருக்க மாட்டார் என்று மகள் போட்டாள். ஆப்பிரிக்காக்காரி உப்புச் சொல்ல மறந்திருப்பாள் என்று மருமகள் போட்டாள். அவள் மட்டும் இரண்டு தடவை. "சாமிக்கு வைக்கிறது, குறையா இருக்கக் கூடாதுன்னுதான் அத்தை" என்றாள். நாங்கள் மூன்று பேரும் அவர் படத்தைப் பார்க்கவே இல்லை.

பெரியவன் எழுந்து கையைக் கழுவினான். "கீழ மாமாக் சாப்பாட்டுக் கடைல ஒரு எலுமிச்சை லீமாவ் ஐஸ் குடிச்சாத்தான் உயிர் தங்கும்."

"எனக்கு ரெண்டு வேணும்" என்றான் சின்னவன்.

"உங்களுக்கெல்லாம் சோறு தாப்பாவ் பண்ணிக் கட்டி எடுத்துட்டு வரோம்" என்று சொல்லிவிட்டு இரண்டு பேரும் போனார்கள். ஒரே லிஃப்டில்.

நாங்கள் குழம்பில் உருளைக்கிழங்கைப் போட்டுக் காப்பாற்றப் பார்த்தோம். முடியவில்லை. மாவு மீதி இருந்ததை மருமகள் வெங்காயம் பச்சைமிளகாய் நறுக்கிப் போட்டுத் தோசையாக ஊற்றினாள். நன்றாகத்தான் இருந்தது. மகள்கூட இரண்டு சாப்பிட்டாள், அதன் பேர் என்ன என்று நான் கேட்கவில்லை.

ரொம்ப நேரமாகியும் அவர்கள் திரும்பவில்லை. பால்கனியில் துணி எடுக்கப் போகிற மாதிரி போய்க் கீழே பார்த்தேன். மாமாக் கடையின் வெளி மேசையில் எதிரெதிரே உட்கார்ந்திருந்தார்கள். மேசையில் நான்கைந்து காலி கிளாஸ். பெரியவன் விரலை நீட்டி என்னவோ சொல்கிறான். சின்னவன் இரண்டு கையையும் விரித்துப் பதில் சொல்கிறான். பக்கத்து மேசைக்காரன் திரும்பிப் பார்க்கிறான். குரல் அத்தனை மாடி தாண்டி மேலே வரவில்லை. ஆனால் நன்றாகச் சண்டை போடுகிறார்கள் என்பது தெரிந்தது.

மகள் பின்னால் வந்து நின்றாள். "ஐயோ, மறுபடியுமா! போன் பண்ணி மேல கூப்பிடவாம்மா?"

கீழே சின்னவன் எதையோ சொல்லிக்கொண்டே அண்ணன் தட்டிலிருந்து ஒரு துண்டு ரொட்டியைப் பிய்த்து வாயில் போட்டான். பெரியவன் தடுக்கவில்லை. திட்டிக்கொண்டே இருந்தான்.

"வேண்டாம்" என்றேன். "சாப்பிட்டு முடிக்கட்டும்."